அம்மன் சேலைக்குக் கீழே ஒரு வகுப்பு

எழுதுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்று யாரும் அதட்ட முடியாது. என் குரல் பிறவியிலேயே தாழ்ந்த குரல். ரங்கூனில், இப்போது யாங்கோன் என்கிறார்கள், தாமுவே சந்தை ஓரத்தில் எத்தனையோ காலம் ஆப்பம் விற்றிருக்கிறேன். ஒரு நாளாவது "ஆப்பம், ஆப்பம்" என்று கூவியதில்லை. வாசனைதான் கூவும். நான் அதன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

படித்தது நாலாம் வகுப்பு வரை. பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது கிழவியான பிறகுதான், கையில் துடைப்பத்தோடு. எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. காலையில் மண்டபத்தைத் துடைப்பதும் இடைவேளைக்குச் சுண்டல் அவித்துக் கொடுப்பதும் என் பங்கு. பிள்ளைகள் என்னை ஆயா என்பார்கள். பாட்டி என்று நினைத்துச் சொல்கிறார்களா, பள்ளிக்கூடத்து ஆயா என்று நினைத்துச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. எப்படிச் சொன்னாலும் ஒரே சுண்டல்தான்.

கூச்சக்காரர்கள் பேச மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. நாங்கள் நிறையப் பேசுவோம், உதட்டுக்குள்ளே. கோயில் தலைவர் வந்து, "தரை இன்னும் பளபளன்னு வரணும்" என்பார். "உங்க தலை மாதிரியா?" என்பேன். அவருக்குக் கேட்காது. யாருக்கும் கேட்காது. அந்த மண்டபத்தில் பக்கத்தில் இடியே விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த இரைச்சலை நம்பித்தான் நான் இத்தனை வருடம் தைரியசாலியாக இருந்தேன்.

முன்பு அது மரக் கட்டடம். பலகைச் சுவர், உட்காரப் பாய், மேலே மூங்கில் தட்டி. கரையான் அரித்துக் கொட்டிக்கொண்டிருக்கும். புண்ணியவான்கள் சிலர் சேர்ந்து அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். தரையில் டைல்ஸ், சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் டைல்ஸ், அதற்கு மேல் எட்டாத உயரத்தில் தகரக் கூரை. சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. கோயிலுக்கு வரும் பெண்கள் அம்மனைப் பார்க்கப் போகும் முன் அந்தச் சுவரைப் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொள்வார்கள். பாய் விரித்தால் டைல்ஸ் மறைந்துவிடும் என்று பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் முக்காலி வந்தது. ஒரு பிள்ளை முக்காலியை நகர்த்தினால் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அது கூரை வரை போய், சுவரில் முட்டி, இன்னும் நாலு பூனைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்.

அந்த ஒரே மண்டபத்தில் மூன்று மூலைகளில் மூன்று வகுப்பு. ஆசிரியர் ஒரு வரி சொல்ல வேண்டும், பிள்ளைகள் தொண்டை கிழியத் திருப்பிச் சொல்ல வேண்டும். யாங்கோனில் எந்தப் பள்ளிக்கூடத்து மதிலோரம் நடந்தாலும் இந்தக் கோரஸ்தான் கேட்கும். சத்தம் எவ்வளவு பெரியதோ படிப்பு அவ்வளவு நல்லது என்பது இங்கே எல்லோர் எண்ணமும். அதனால் முதல் வகுப்பு "அம்மா, ஆடு" என்றால், இரண்டாம் வகுப்பு அதை அமுக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லும். மூன்றாம் வகுப்பு விடுமா?

தலைவர் உள்ளே வர மாட்டார். வாசல் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு, வகுப்பைக் காதால் மேற்பார்வை செய்வார். சத்தம் குறைந்தால், "என்ன, தூங்கிட்டீங்களா?" என்று அங்கிருந்தே குரல் வரும். அவருக்குக் காது மந்தம் என்று அக்கம்பக்கம் முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ஊரில் எல்லோரும் வரவர மெல்லப் பேசுகிறார்கள் என்பதுதான் அவர் வருத்தம்.

முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி என் மாடிவீட்டுப் பெண். ஒன்பது வயது. அவள் அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஞாயிறும் வேலை என்பதால் பிள்ளையைக் கூட்டிப்போவது நான்தான். கைக்குழந்தையில் காதில் சீழ் வடிந்து, அவளுக்கு இடது காது அநேகமாக இல்லை. வலது காதும் அரைச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்யும். ஆனால் என் அடுக்களையில் உட்கார வைத்துப் புத்தகத்தைப் பிரித்துவிட்டால் பசுப் பாடத்தை முழுதாக ஒப்பிப்பாள். "பசுவுக்கு நான்கு கால்கள். பசு புல் தின்னும்" என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் தானாக ஒரு வரி சேர்ப்பாள்: "பசு ரோட்டில் படுத்தால் பஸ் நிற்கும்."

மண்டபத்துக்குள் காலை வைத்ததும் அவ்வளவும் போய்விடும். சயாமா ஒரு வரி சொல்வார். சயாமா என்றால் டீச்சர். இங்கே பர்மிய வழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். எல்லாப் பிள்ளைகளும் கத்தும்போது இவள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவாள். தனியாகக் கேட்டால் சயாமாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது வருடமாக முதல் வகுப்பு. பக்கத்துப் பொடிசுகளின் தலைக்கு மேலே இவள் முழங்கால் நீட்டிக்கொண்டிருக்கும்.

"வீட்டுல அவ்வளவு அழகாச் சொல்ற. அங்க போனா ஏண்டி ஊமையாயிடுற?" என்று கேட்டேன்.

"அங்க சயாமா பேசுறது சாம்பார் மாதிரி இருக்கு ஆயா" என்றாள். "எல்லாம் கலந்துக்கிட்டு வருது. எது கத்திரிக்கா, எது முருங்கக்கான்னு தெரியல. உங்க வீட்டுல தனித்தனியாக் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் அங்கே அப்படித்தான் கேட்கும். கிழவிக்குக் கேட்காவிட்டால் வயசு என்பார்கள். பிள்ளைக்குக் கேட்காவிட்டால் மக்கு என்பார்கள். அவள் போகும் அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். அங்கே கூட்டம் அதிகம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. இங்கே கவனித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆடி மாதம் பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிறு, தலைவர் சயாமாவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும். "ஆடி முடிஞ்சதும் புதுப் பிள்ளைங்க வரும். இடம் வேணும். வராத படிப்ப எத்தனை வருஷம் உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுக்குறது? அதுக்குள்ள ஒரு பாடம் ஒப்பிச்சா இருக்கட்டும். இல்லேன்னா வீட்டுல இருக்கட்டும், பாவம்."

எதுவும் காதில் விழாத பிள்ளைக்கு அது மட்டும் விழுந்துவிட்டது. வீடு திரும்பும்போது குடைக்குள் என்னை ஒட்டி நடந்துகொண்டே கேட்டாள்: "நான் வராட்டி, தோழிங்க கூட எங்க வெளையாடுறது ஆயா?" வாரம் முழுக்க அவள் வாயில் பர்மியம். அதுவும் பாதி சைகை. ஞாயிற்றுக்கிழமை சுண்டல் நேரத்தில்தான் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்து வாய் ஓயாமல் தமிழில் வம்பளப்பாள். அந்த ஒரு நேரத்துக்காகத்தான் அந்த இரைச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

சயாமாவிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "வீட்டில் படிக்கிறாள், இந்த மண்டபம்தான் அவளை ஊமையாக்குகிறது" என்று. வார்த்தையெல்லாம் தயார். சுண்டல் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நின்றேன். பர்மியர்கள் "ஆனாடே" என்று ஒன்று சொல்வார்கள். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது. அது எனக்குப் பர்மியர்களைவிட ஜாஸ்தி.

"என்ன ஆயா?" என்றார் சயாமா.

"உப்பு போதுமா?" என்றேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அப்போதும் உப்புதான். சயாமா வீட்டில் போய், "பாவம் ஆயா, உப்புக் கவலையிலேயே இருக்காங்க" என்று சொல்லியிருப்பார்.

ஆனால் சயாமா நல்ல பெண். பிள்ளையை விட மனசு வரவில்லை. "என் குரல் எட்டலையோ என்னமோ" என்று தலைவரிடம் கேட்டுத் திருவிழா மைக்கை வாங்கி வைத்தார். அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சயாமா "பசு" என்றார். மண்டபம் முழுக்க "பசு பசு பசு பசு" என்று ஒரு மந்தையே ஓடியது. இரண்டாம் வகுப்பு டீச்சர், "அப்ப எங்களுக்கு?" என்று பிடிவாதம் பிடித்து, அவருக்கும் ஒரு மைக் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு மைக் இல்லாததால் அவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். வாசலில் தலைவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதுதாம்மா படிப்பு!" என் மாடிவீட்டுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு முக்காலிக்கு அடியில் போய்விட்டாள். நல்லவேளை, கரன்ட் போனது. யாங்கோன் கரன்டுக்கு அன்று ஒரு நாள்தான் கைகூப்பி நன்றி சொன்னேன்.

ஆடி பிறந்தது. ஆடியென்றால் எங்கள் அம்மனுக்குச் சேலை வந்து குவியும். இங்கே ஆடியென்றால் மழையும் அப்படித்தான் குவியும். ஒரு சனிக்கிழமை மழையில் சாமான் அறைக் கூரை ஒழுகி, அம்மன் சேலை அத்தனையும் நனைந்துவிட்டது. பட்டு, பருத்தி, நைலக்ஸ் எல்லாம் ஒரே பொதியாக ஊறிக் கிடந்தன. ஏலம் விட வேண்டிய சேலைகள். அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் எங்கே இருக்கிறது? மண்டபத்தின் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, நானும் இரண்டு பெண்களும் எல்லாவற்றையும் உலர்த்தினோம். ஞாயிறு காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். காலையில் தொட்டுப் பார்த்தால் சொட்டச் சொட்ட ஈரம். பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

"யாபாடே ஆயா, பரவாயில்ல. அம்மன் சேலைக்குக் கீழ படிச்சா நல்லதுதான்" என்றார் சயாமா.

பிள்ளைகள் சேலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவரவர் மூலையில் உட்கார்ந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நடுவே தொங்கியதில் ஒரு வகுப்புக்கு மறு வகுப்பு தெரியவில்லை. சயாமா வழக்கம்போல் மூச்சை இழுத்து, "பசு!" என்று கத்தினார். கத்திவிட்டுத் தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். குரல் எங்கேயும் ஓடவில்லை. மந்தை இல்லை. ஒரே ஒரு பசு, போட்ட இடத்தில் நின்றது.

மறுபடி சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகளும் சாதாரணமாகத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த மூலையில் வாய்ப்பாடு நடந்தது, ஆனால் எங்கோ பக்கத்துத் தெருவில் நடப்பதுபோல. நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்த மண்டபத்தில் அதுவரை அது எனக்குக் கேட்டதேயில்லை.

அப்போது, யாரும் கேட்காமலே, என் மாடிவீட்டுப் பிள்ளை எழுந்து நின்றாள். "சயாமா, நான் சொல்லவா?"

சயாமா வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தவர்போல. அவள் சொன்னாள். நான்கு கால்கள், புல், பால், எல்லாம். கடைசியில் பஸ்ஸும் நின்றது. பொடிசுகள் வாயைப் பிளந்து பார்த்தன. சயாமா கண்ணைத் துடைத்துக்கொள்ள, பக்கத்தில் தொங்கிய முந்தானையை எடுத்துவிட்டு, அது யாருடையது என்று நினைவு வந்ததும் சட்டென்று விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து தலைவர் எழுந்து வந்தார். வராமல் என்ன செய்வார்? அவர் காதுக்கு ஒரு சத்தமும் போகவில்லை.

"ஏன் சயாமா, இன்னைக்கு வகுப்பு இல்லையா?"

"எல்லாரும் வந்திருக்காங்க ஐயா. படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"படிச்சா சத்தம் வரணுமே!" என்று காலை உள்ளே வைத்தவர், மேலே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேல் வரிசை வரிசையாகப் பெண்கள் துணி. இங்கே பிறந்து வளர்ந்த எந்த ஆண்பிள்ளையும் பெண்கள் இடுப்பில் கட்டிய துணி காயும் கொடிக்குக் கீழே நடக்க மாட்டான். பெருமை குறைந்துவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. தலைவர் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். "இதெல்லாம் யாரு துணி?"

"அம்மன் சேலை ஐயா."

உடனே முகம் மாறியது. இரண்டு கையையும் கூப்பினார். ஒவ்வொரு சேலையாகத் தலையைக் கொடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். ஒரு பட்டுச் சேலையிலிருந்து சொட்டு நீர் வழுக்கைத் தலையில் விழுந்தது. தீர்த்தம் என்று தடவிக்கொண்டார். சேலைகளெல்லாம் தீர்ந்த பிறகுதான் கோபப்பட வந்தது நினைவுக்கு வந்தது.

"கோயில் மண்டபமா இது, சலவைக்கடையா? அம்மன் சேலையில பிள்ளைங்க மூக்குத் தொடைக்கட்டும்னா? எல்லாத்தையும் அவுருங்க!"

"ஐயா, ஒரு நிமிஷம். இந்தப் பிள்ளை இன்னைக்குப் பாடம் ஒப்பிச்சிருச்சு. முழுசா."

"நான் கேக்கலையே. வாசல்லதான இருந்தேன்? பேசுனது பேசுனதுதான். காது கேக்காத பிள்ளைய வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுவீங்க? அனுப்பிடலாம்."

பிள்ளை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் தூண் ஓரம், மடியில் தேங்காய் மூடியோடு. பழக்க தோஷம், வழக்கம்போல் உதட்டுக்குள்ளே சொன்னேன்:

"காது கேக்காத பிள்ளைய அனுப்பிடலாம். காது கேக்காத தலைவர எங்க அனுப்புறதாம்?"

மண்டபம் முழுவதும் கேட்டது.

மூன்று வகுப்பும் திரும்பியது. சேலையிலிருந்து ஒரு சொட்டு டைல்ஸில் விழுந்தது, அதுவும் கேட்டது. நான் தேங்காய் மூடிக்குள் புகுந்துவிட முடியுமா என்று பார்த்தேன்.

தலைவர் மெதுவாகத் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார். "ஆயா, நீங்க பேசுவீங்களா?"

நான் தேங்காயை இன்னும் வேகமாகத் துருவினேன்.

"இத்தனை வருஷத்துல உங்க குரல இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றவர், எதையோ யோசித்து நிறுத்தினார். கை தானாகக் காதுக்குப் போயிற்று. தூணைப் பார்த்தார், தன் காலடியைப் பார்த்தார். "அங்கருந்து சொன்னது இங்க கேட்டுச்சே! எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"சுண்டலுக்கு நேரமாச்சுன்னேன்."

"அது இல்ல. முன்னாடி சொன்னீங்களே, அது."

சயாமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். இந்த முறை தன் முந்தானை. ஒரு பொடிசு பொறுக்காமல், "காது கேக்காத தலைவர எங்க அனுப்புறதாம்" என்று எனக்குப் பதிலாகப் பாடம் ஒப்பித்தது. பழக்கத்தில் முதல் வகுப்பு மொத்தமும் அதைக் கோரஸாகத் திருப்பிச் சொன்னது.

தலைவர் ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். பூனை கத்தவில்லை, முனகியதோடு சரி. அவர் தோள் ஆடியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் கேக்குது" என்றார். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எங்கம்மா, அந்தப் பசுவ ஓட்டிக்கிட்டு வா பாப்போம்."

"ஹொக்கே" என்று பர்மியத்தில் தலையாட்டிவிட்டு அவள் தமிழில் ஆரம்பித்தாள். அவர் நல்ல காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"பஸ்ஸு நிக்கும்கிறது புத்தகத்துல இல்லையே?"

"இல்ல தாத்தா. நான் போட்டது."

"புத்தகத்துல இல்லாததும் கேக்குது சயாமா" என்று எழுந்தார். "இருக்கட்டும். பிள்ளை இங்கயே இருக்கட்டும்." வாசல் வரை போனவர் திரும்பி, "சேலையும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

சேலைகள் காய்ந்து ஏலத்துக்குப் போய்விட்டன. பதிலுக்கு வீட்டுக்கு வீடு கனமான துணி கேட்டு வாங்கினோம். போர்வை, ஜமுக்காளம், ஆண்களின் பழைய கைலி. பெண்கள் கட்டும் தமேன் மட்டும் கூடவே கூடாது என்பது தலைவர் உத்தரவு. பரணிலிருந்து பாய்கள் இறங்கின. டைல்ஸ் போட்டுக்கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். அவர்கள் வந்தால் பார்க்க ஒரு மூலையை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறோம். அதை நான் தனியாகப் பளபளவென்று துடைக்கிறேன். முக்காலிக் கால்களுக்குப் பிள்ளைகளின் பழைய சாக்ஸ் மாட்டியாயிற்று. மொத்தத்தில் மண்டபம் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு மாதிரி இருக்கிறது, அழகு என்று சொல்ல முடியாது. என் மாடிவீட்டுப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. முன் வரிசையில் வலது காதை டீச்சர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள். தலைவர் நாற்காலியை வாசலிலிருந்து உள்ளே போட்டுக்கொண்டார், அவளுக்குப் பக்கத்திலேயே. இரண்டு தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். காது மந்தம் என்று மட்டும் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோரும் இப்போது தெளிவாகப் பேசப் பழகிவிட்டார்கள் என்கிறார்.

நஷ்டம் எனக்குத்தான். போன ஞாயிறு தலைவர் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி ஆயா" என்றார். அருமையான பதில் ஒன்று உதடு வரை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று வகுப்பும் மூச்சை அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. தலைவரும் காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறார். என் மாடிவீட்டுப் பிள்ளை என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு பிடி சுண்டலை எடுத்து என் வாயிலேயே போட்டுக்கொண்டேன். உப்பு கம்மிதான்.